உப்பு போகாத மாதங்கள்

என் அக்காளைக் கட்டிக்கொடுத்த தேயிலைத் தோட்டம் மலைநாட்டுச் சிற்றூரான மஸ்கெலியாவிலிருந்து ஆறு மைல் மேலே, வண்டிப் பாதை முடிகிற இடத்தில் இருந்தது. அதற்கு அப்பால் காடும் மேகமும்தான். மச்சான் அங்கே கணக்கப்பிள்ளை. பெயர்தான் அப்படி, வேலை, மலையில் கொழுந்து எடுக்கும் ஆட்களைப் பார்த்துக்கொள்வது. நான் அப்போது மஸ்கெலியாக் கடைத்தெருவில், தாய்மாமன் வைத்திருந்த பலசரக்குக் கடையில் இருந்தேன். எனக்கு இருபத்து நான்கு வயது. மதுரைப் பக்கத்து ஊரில் அம்மாவும் அப்பாவும் ஒரே வாரத்தில் காலராவில் போனபிறகு, மாமாதான் எங்கள் இருவரையும் கப்பலேற்றிக் கூட்டிவந்து வளர்த்தார். கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில்தான் நாங்கள் பெரியவர்களானோம்.

அக்காள் கல்யாணமாகிப் போன புதிதில் மாதம் இரண்டு தடவையாவது போய்வருவேன். பாதையோரத்து மாரியம்மன் கோயிலில் கொஞ்சம் உட்கார்ந்து மூச்சுவாங்கி, பாலத்தைக் கடந்து, தொழிற்சாலைப் பக்கமாக ஏறினால் அவள் வீடு. எங்கே போகிறாய் என்று யாரும் கேட்டதில்லை. பிறகு தோட்டத்தை நடத்திய பழைய வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போனார், புதியவர் வந்தார்.

புதிய துரை மற்றத் துரைமார் கூடுகிற கிளப்புக்குப் போவதில்லை. அவர் பங்களாவுக்கும் யாரும் வருவதில்லை. மனைவி மக்கள் கிடையாது. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் கையில் பிரம்போடு நிற்பார். முதுகு வளைந்து நிற்பவனை அடிப்பார், நிமிர்ந்து நிற்பவனையும் அடிப்பார். எதற்கு அடிப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததுதான் அவரிடம் பயம் என்று மச்சான் ஒருதடவை சொன்னார்.

அவர் வந்த ஆறாம் மாதம் தொழிற்சாலைப் பக்கத்தில் பாதையின் குறுக்கே மரத்தால் ஒரு கேட்டுப் போட்டுக் காவல்காரர்களை நிறுத்தினார். தேயிலை திருட்டுப் போகிறதாம். கடைத்தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் தோட்டம், அவர் கேட்டு. அடுத்த வருஷம் அந்தக் கேட்டு கீழே பாலத்துக்கு வந்தது. பாலம் தோட்டத்துக்குச் சொந்தமில்லை. மாட்டுவண்டிக்காரர்களும் காட்டோரத்துச் சிங்களக் கிராமத்து ஆட்களும் காலங்காலமாக நடந்த பாலம். கிராமத்து ஆட்கள் கடைத்தெருவுக்கு வந்து முறையிட்டார்கள். "பாலத்துக்கு அந்தப் பக்கம் நமக்கு என்ன வேலை" என்றார்கள் வியாபாரிகள். நானும் அப்படித்தான் சொன்னேன். கிராமத்து ஆட்கள் காட்டு வழியாக இரண்டு மைல் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார்கள்.

அதற்குள் அக்காளைப் பார்க்கத் துரை கையெழுத்திட்ட துண்டுச் சீட்டு வேண்டியிருந்தது. அதற்கு எழுதிப் போட்டால் மூன்று வாரம் கழித்து, பாதி நாளுக்கு மட்டும் கிடைக்கும். உள்ளே இருந்தவர்களுக்கு வெளியே வருவது அதைவிடக் கஷ்டம். வேலையை விட்டுப் போகலாம் என்றாலும், ஆளை விடுவித்தேன் என்று துரை கையெழுத்திட்ட பற்றுச்சீட்டு இல்லாமல் வேறு எந்தத் தோட்டத்திலும் சேர்க்கமாட்டார்கள். அவர் யாருக்கும் கொடுப்பதில்லை.

எங்கள் கடைக்கு ஹட்டனிலிருந்து வரும் பஸ்ஸில் மத்தியானம் பத்திரிகை வந்துசேரும். நான்தான் சத்தமாகப் படிப்பேன். ஐந்தாறு வியாபாரிகள் வந்து அரிசி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து கேட்பார்கள். பாலம் போய் இரண்டு வருஷம் கழித்து, அந்த ஐப்பசியில் படித்ததெல்லாம் இத்தாலி அபிசீனியா என்ற ஏழை நாட்டுக்குள் படையோடு புகுந்த செய்திதான். இத்தாலியை ஆண்ட சர்வாதிகாரியின் படம் போட்டிருந்தது. வாயைத் திறந்து, கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றார். உலக நாடுகள் கூடிப் பேசின. அந்த நாட்டுக்குச் சாமான் விற்பதில்லை, அங்கிருந்து வாங்குவதும் இல்லை என்று முடிவு செய்தன. அதைப் படித்தபோது என் குரல் உயர்ந்தது. துப்பாக்கி இல்லாமலே ஒரு கொடியவனை மண்டியிடவைக்க வழி கிடைத்துவிட்டது என்று நம்பினேன்.

மாமா வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டார். "சாமான் போகலேன்னா அந்த ஆளு பட்டினி கெடப்பானா?"

"அவரு கெடக்கமாட்டாரு மாமா. ஜனங்க கேள்வி கேப்பாங்க."

"கேட்டா சுடமாட்டானா?"

நான் பத்திரிகையை மடித்தேன். "அப்ப உலகம் என்னதான் செய்யணும்ங்கிறீங்க? பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

"அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏன்டா கருவாடு விக்கிறேன்" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது.

அதே மாதக் கடைசியில் கேட்டு மறுபடி கீழே இறங்கியது. இந்தத் தடவை மாரியம்மன் கோயிலுக்கும் கீழே. கடைத்தெருக்காரர்கள் பணம் போட்டுக் கட்டிய கோயில் துரையின் எல்லைக்குள் போய்விட்டது. அந்த வாரமே, தலையில் மூட்டை சுமந்து ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ப் புடவை விற்கும் ஒரு வயதான வியாபாரியைக் காவல்காரர்கள் கேட்டில் பிடித்தார்கள். துரை வந்து நின்று மூட்டையை அவிழ்க்கச் சொல்லி, துணிகளின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தவைத்தார். அந்த மனிதர் எங்கள் கடை வாசலில் வந்து உட்கார்ந்தபோது கையில் ஒரு புடவைக் கரை மட்டும் இருந்தது. ஓரம் கருகியிருந்தது. அதை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். டீ கொடுத்தோம். குடிக்கவில்லை.

மறுநாள் மாமாவும் நானும் இன்னும் இரண்டு வியாபாரிகளும் கேட்டுக்குப் போனோம். மழை விடாமல் பெய்தது. இரண்டு மணி நேரம் நின்றபிறகு துரை மோட்டாரில் வந்தார். இறங்கவில்லை. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, தோட்டத்துத் தமிழில் சொன்னார்.

"கோயில் இருக்கு. சாமி இருக்கு. நீ வராதே."

சத்தம் போடவில்லை. மோட்டார் திரும்பி மேலே போய்விட்டது.

அன்று சாயங்காலம் கடைத்தெரு முழுவதும் எங்கள் கடையில் கூடியது. பெரிய அதிகாரிகளுக்கு மனு எழுதலாம் என்றார் ஒருவர். பாலத்தைப் பற்றிக் கிராமத்து ஆட்கள் போட்ட மனுவுக்கே பதில் வரவில்லை என்றார் இன்னொருவர். அப்போது நான் எழுந்தேன். என்ன பேசினேன் என்பது இன்றும் நினைவிருக்கிறது, நினைவில்லாமல் போயிருந்தால் நன்றாயிருக்கும்.

"உலகமே ஒண்ணா நின்னு ஒரு பெரிய தேசத்துக்கு விக்கிறதில்லன்னு சொல்லுது. நம்மளால ஒரு தோட்டத்துக்குச் சொல்ல முடியாதா? அந்தத் தோட்டத்து வண்டி இனி காலியாப் போகட்டும். உப்பு இல்ல, கருவாடு இல்ல, தேங்கா இல்ல, மொளகா இல்ல. ரெண்டே மாசத்துல கேட்டு மேல போயிரும்."

மாமா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அரிசி தோட்டமே குடுக்குது, சரி. அதுல போட்டுத் திங்கிறதெல்லாம் நம்மகிட்ட இருந்துதான் போகுது. தொரைக்கு டின்னு டின்னா கொழும்புல இருந்து வருது. உள்ள இருக்கவங்களை அவரு ஒரு பக்கம் அடைச்சு வச்சிருக்காரு. நாமளும் இந்தப் பக்கம் அடைச்சா அவுங்க எங்க போவாங்க?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "உங்கக்கா உள்ள இருக்கா."

"எங்கக்கா இருக்கான்னுதான் சொல்றேன்" என்றேன்.

கைதட்டினார்கள். கடைத்தெருக் கோடியில் பெட்ரோல் விற்றவர் மட்டும் எழுந்து, தன்னால் முடியாது என்றார். துரையின் மோட்டாருக்கும் லாரிக்கும் அவரிடமிருந்துதான் தகரம் தகரமாகப் பெட்ரோல் போய்க்கொண்டிருந்தது. "நான் குடுக்காட்டி ஹட்டன்ல வாங்குவாரு. எனக்குத்தான் வியாபாரம் போகும், அவருக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அவர் நல்ல மனிதர், கோயிலுக்கு அதிகப் பணம் போட்டவர். யாரும் வற்புறுத்தவில்லை. நானும்தான். கொஞ்ச நாள் கழித்துப் பத்திரிகையில், உலக நாடுகளும் இத்தாலிக்கு எண்ணெய் விற்பதை மட்டும் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன என்று வந்தது. அதை நான்தான் சத்தமாகப் படித்தேன். பெட்ரோல்காரரும் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கார்த்திகை மாதத்திலிருந்து தோட்டத்து மாட்டுவண்டி காலியாகத் திரும்பியது. முதல் வாரம் வண்டிக்காரர் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். "எங்களை எதுக்குங்க தண்டிக்கிறீங்க?" என்று கேட்டார். மூன்றாவது வாரம் வண்டியே வரவில்லை.

துரை என்ன செய்தார் என்பதைத் தபால்காரர் மூலம் அறிந்தோம். தோட்டத்துத் தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தினமும் மஸ்கெலியாவுக்கு இறங்கி ஏறுகிற மனிதர் அவர். அவருக்கு மட்டும் கேட்டுத் திறக்கும். துரை பெரட்டில் நின்று சொன்னாராம்: உங்கள் உப்பை நிறுத்தியது நானில்லை, கடைத்தெருக்காரர்கள், உங்கள் ஜாதிக்காரர்கள், உங்கள் பாஷை பேசுகிறவர்கள், நான் அரிசியை நிறுத்தினேனா? பிறகு ஹட்டனிலிருந்து லாரியில் இரண்டு மூட்டை உப்பு வரவழைத்து, லயத்துக்கு ஒரு படி தன் கையால் அளந்து கொடுத்தாராம்.

"சனங்க கும்பிட்டு வாங்குனாங்க தம்பி" என்றார் தபால்காரர். "நானும் கும்பிட்டேன். வேற என்ன செய்யிறது?"

அந்த லாரிக்குப் பெட்ரோல் எங்கள் தெருவிலிருந்து போனது.

அந்த உப்பு பத்து நாளில் தீர்ந்தது. அதன்பிறகு துரை வரவழைக்கவில்லை. வெறும் சோற்றில் காட்டுக்கீரையை அவித்துப் போட்டுத் தின்றார்கள். பனிக்காலம் தொடங்கியிருந்தது. குழந்தைகளுக்கு வயிற்றுக்கடுப்பு வந்தது.

தை மாதத்தில் ஒருநாள் தபால்காரர் கடைக்குள் வந்து, தலைப்பாகைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். அக்காள் எழுதியிருந்தாள். கடைத்தெருவுக்கும் துரைக்கும் பகை வந்ததிலிருந்து போகும் கடிதம், வரும் கடிதம் எல்லாவற்றையும் கேட்டிலேயே பிரிக்கிறார்கள், அதனால்தான் இப்படி ஒளித்து அனுப்பினாள். பாப்பாவுக்கு எட்டு நாளாக ரத்தமாகப் போகிறது. தோட்டத்து மருந்துப் பெட்டியில் ஒன்றும் இல்லை. மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரத் துண்டு கேட்டு மச்சான் பங்களா வாசலில் இரண்டு தடவை நின்றார். "உன் மச்சினன் கடைத்தெருவில் பெரிய ஆள், அவனைக் கேட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கச் சொல்" என்று துரை சொன்னாராம். கடைசி வரி இப்படி இருந்தது: "நீ வந்தாலும் அவர் விடுவாரென்று தோன்றவில்லை. மருந்து மட்டும் எப்படியாவது அனுப்பு."

பாப்பாவுக்கு மூன்று வயது. அக்காளின் ஒரே குழந்தை. அவளை நான் மொத்தம் நான்கு தடவை பார்த்திருக்கிறேன்.

நான் உடனே கேட்டுக்குப் போகிறேன் என்று எழுந்தேன். காகிதத்தை வாங்கிப் படித்த மாமா, "இரு" என்றார். ஆஸ்பத்திரிக்கு நடந்து போய் ஒரு புட்டி மருந்து வாங்கிவந்தார். பிறகு, நான் அறியாத ஒன்றைச் செய்தார். கல்லாப் பெட்டியடியிலிருந்து கைப்பிடி அளவில் கட்டிய ஏழெட்டு உப்புப் பொட்டலங்களை எடுத்துத் தபால் பையின் அடியில் வைத்தார். தபால்காரர் அதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"எத்தனை நாளா மாமா?"

"முதல் வாரத்துல இருந்து" என்றார். "நீ படிச்சவன். எனக்கு அது தெரியாது. உப்பு அனுப்பாம என்னால இருக்க முடியல."

எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவை அவர் உடைத்துவிட்டார் என்று எனக்கு அந்த நேரத்திலும் ஒரு கோபம் எழுந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுந்தது.

நானும் தபால்காரரோடு நடந்தேன். கோயிலுக்குக் கொஞ்சம் கீழே, வளைவில் அவர் என்னை நிற்கச் சொன்னார். "நீங்க வந்தா என்னையும் விடமாட்டாங்க" என்றார். தேயிலைச் செடிகளுக்கு இடையே நின்று பார்த்தேன். துரையின் மோட்டார் கேட்டருகே நின்றிருந்தது. வழக்கமாகப் பையின் மேலாகத் தடவிப் பார்த்து விட்டுவிடுகிற காவல்காரர்கள், துரை பார்த்துக்கொண்டிருந்ததால் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். கடிதங்கள் விழுந்தன. பொட்டலங்கள் விழுந்தன. புட்டி கல்லில் பட்டு உடைந்தது. அது மருந்து என்று தபால்காரர் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னது எனக்குக் கேட்டது. துரைக்கும் கேட்டிருக்கும். அவர் பொட்டலங்களைப் பூட்ஸால் ஒவ்வொன்றாக மிதித்தார். பிறகு பிரம்பை எடுத்தார்.

நான் வெளியே ஓடவில்லை. செடிகளுக்கு இடையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொரு புட்டி மருந்தைக் கிராமத்து ஆள் ஒருவர் காட்டு வழியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மாமா சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொன்னதும் சம்மதித்தார். பாலத்தை இழந்தபோது நாங்கள் கைவிட்ட மனிதர்களில் அவரும் ஒருவர். அந்தப் புட்டி போய்ச் சேர்ந்தபோது பாப்பா இறந்து ஒருநாள் ஆகியிருந்தது.

பாப்பா போன மூன்றாம் நாள் காலைப் பெரட்டில் மச்சான் தன் பெயர் கூப்பிட்டதும் முன்னால் வந்தார். கையிலிருந்த கம்பையும் பெயர் எழுதும் புத்தகத்தையும் துரையின் காலடியில் வைத்தார். வீட்டுக்குப் போய் அக்காளை அழைத்துக்கொண்டு பாதையில் இறங்கி நடந்தார். பற்றுச்சீட்டும் இல்லை, சாமான்களும் இல்லை. துரை பின்னாலிருந்து கத்தியதை எல்லாரும் கேட்டார்கள். கேட்டில் நின்ற காவல்காரர்கள் இருவரும், முன்பு தபால் பையைக் கவிழ்த்த அதே ஆட்கள், ஒரு வார்த்தையும் கேட்காமல் திறந்துவிட்டார்களாம். அவர்களுக்கும் அன்றோடு வேலை போயிற்று.

அக்காள் கடைக்குள் வந்தபோது நான் அரிசி அளந்துகொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பின்னால் இருந்த அறைக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மச்சான் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களிலெல்லாம் வேலை கேட்டுப் போனார். அந்தத் தோட்டங்களின் துரைமாருக்கு இந்தத் துரையைப் பிடிக்காது. அவரைப் பைத்தியம் என்றே தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஆனாலும் பற்றுச்சீட்டு இல்லாத ஆளை எடுத்தால் நாளைக்குத் தங்கள் ஆட்களும் ஓடுவார்கள் என்று ஒருவரும் சேர்க்கவில்லை. அடி வாங்கிய தபால்காரரையும் சேர்க்கவில்லை. அவர் எங்கள் கடையிலேயே மூட்டை தூக்கினார். இடது கை அவருக்குக் கடைசிவரை நேராக நீளவில்லை.

கடைத்தெருவின் தடை எப்போது முடிந்தது என்று சொல்ல முடியவில்லை. யாரும் கூடி முடிக்கவில்லை. பங்குனியில் ஒருவர் கருவாடு அனுப்பினார். சித்திரையில் இன்னொருவர் தேங்காய் ஏற்றினார். வைகாசிக்குள் தோட்டத்து வண்டி பழையபடி நிறைந்து போனது. அதே நாட்களில்தான் அபிசீனியாவின் தலைநகர் விழுந்த செய்தி வந்தது. பிறகு மழைக்காலத்தில், உலக நாடுகளும் தடையை எடுத்துவிட்டன என்று பத்திரிகை சொன்னது. அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வைகாசியோடு நான் சத்தமாகப் படிப்பதை நிறுத்தியிருந்தேன்.

துரை இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருந்தார். அவரை யாரும் நீக்கவில்லை. வயதாகி ஊருக்குப் போனார். புதிதாக வந்தவர் ஒரே காலையில் கேட்டைப் பிடுங்கி விறகுக்கு அனுப்பினார்.

மச்சானுக்குக் கடைசியில் கந்தப்பளைப் பக்கத்தில், தமிழர் ஒருவரின் சின்னத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அந்த முதலாளி சீட்டுக் கேட்கவில்லை. அவர்கள் போன மறுவருஷம் நான் பார்க்கப் போனேன். நானுஓயாவில் இறங்கிச் சின்ன ரயிலில் ஏறினேன். கந்தப்பளையில் பனி சாம்பலைப் போலக் கோவா என்கிற முட்டைக்கோஸ் பாத்திகளின் மேல் கிடந்தது. அக்காள் மறுபடி முழுகாமல் இருந்தாள், வயிறு தெரிந்தது. அடுப்புக்கு முன்னால் உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். ஒரு வருஷத்துக்கும் மேலாக நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"நாங்க நிறுத்தினது தப்பாக்கா?"

அவள் அடுப்புப் பக்கம் குனிந்தாள். விறகைத் தள்ளினாள்.

"சும்மா இருந்திருந்தா நல்லதுன்னு சொல்லமாட்டேன். உள்ள இருந்தவளுக்குத் தெரியும், வெளியில யாரும் ஒண்ணும் செய்யலேங்கிறதுதான் பெரிய கஷ்டம். நீங்க நிறுத்தினீங்கன்னு கேட்டப்ப மொத நாளு சந்தோசப்பட்டேன்டா."

"அப்புறம்?"

"பெட்ரோலை விட்டுட்டு உப்பை நிறுத்தினீங்க. உங்களுக்குச் சுலபமா இருந்ததை நிறுத்தினீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "தெனமும் அந்த மோட்டாரு எங்க வீட்டு வாசலைத் தாண்டிப் போகும். பாப்பா கையாட்டுவா."

நான் டீக்கோப்பையைக் கீழே வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மச்சான் மலையிலிருந்து நனைந்து வந்தார். மூவரும் சாப்பிட்டோம். அக்காள் எனக்கு இரண்டு தடவை குழம்பு ஊற்றினாள், வேண்டுமா என்று கேட்காமலே.